அப்ரண்டிஸ் சேரப் பணம் கட்டலாமா?

அன்புள்ள ஐயா,

பி.காம் முடித்து ஒரு வருடம் ஆகிறது. அம்மா பீடி சுற்றுகிறார். எனக்கு ஐடி சப்போர்ட் வேலைமீது ஆசை. வேலூரில் ஒரு பயிற்சி மையத்தில் நாற்பதாயிரம் கட்டினால் அப்ரண்டிஸ் சேர்த்துவிடுகிறோம், வேலை உறுதி என்கிறார்கள். அம்மா கம்மலை அடகு வைக்கலாம் என்கிறார். சேரலாமா? பி.காம் போதுமா?

எஸ்., குடியாத்தம்

அன்புள்ள எஸ்.,

கம்மல் அம்மா காதிலேயே இருக்கட்டும்.

அப்ரண்டிஸுக்கு, அதாவது வேலையிடத்திலேயே தொழில் பழகுபவருக்கு, நிறுவனம்தான் மாதாமாதம் உதவித்தொகை தர வேண்டும். 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. சேர்த்துவிடக் காசு கேட்கிற இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். பயிற்சி முடிந்ததும் எல்லோருக்கும் வேலை தந்தாக வேண்டும் என்று நிறுவனத்தைச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. அப்படியிருக்க, நடுவில் நிற்கும் மையம் எதை வைத்து உறுதி தருகிறது?

பி.காம் தடையே இல்லை. 2014 திருத்தத்துக்குப் பிறகு பொறியியல் படிக்காத பட்டதாரிகளும் சேரலாம். 30 பேரும் அதற்கு மேலும் உள்ள நிறுவனங்கள் பழகுநர்களைச் சேர்த்தாக வேண்டும். ராணிப்பேட்டை சிப்காட், ஆம்பூர் ஷூ கம்பெனிகள், வேலூர் மருத்துவமனைகள், கல்லூரிகள் என்று எங்கும் கணினி இருக்கிறது. மத்திய அரசின் தேசிய தொழில் பழகுநர் பயிற்சித் திட்டமான என்ஏடிஎஸ் தளத்தில் கட்டணமில்லாமல் பதிவு செய்யுங்கள். சேரும்போது ஒப்பந்தம் அந்தத் தளத்தில் ஏறுகிறதா என்று பாருங்கள்.

வேலையைப் பற்றிச் சொல்கிறேன். காலையில் மருத்துவமனையின் ஓபி கவுண்டரில் பில் போடும் கணினி நின்றுவிட்டது, வரிசை வாசல்வரை நிற்கிறது. ‘நெட் வரலை’ என்று போன் வரும். பக்கத்துக் கவுண்டரில் வருகிறதா என்பதுதான் முதல் கேள்வி. வருகிறது என்றால் கோளாறு பெரும்பாலும் இந்தக் கணினியிலோ அதன் கேபிளிலோதான். நெட்வொர்க்கில் கணினியின் அடையாள எண்ணான ஐபி முகவரி 169.254 என்று தொடங்கினால், முகவரிகளை வழங்கும் டிஎச்சிபி சர்வரிடமிருந்து முகவரி கிடைக்காமல் கணினி தானே ஒன்றைப் போட்டுக்கொண்டிருக்கிறது. கேபிளைக் கழற்றிச் செருகி, கேபிள் போய்ச் சேரும் நெட்வொர்க் சுவிட்சில் விளக்கு எரிகிறதா என்று பார்க்க வேண்டும். சரியானதும் நடந்ததை டிக்கெட்டில், அதாவது அந்தப் புகாரின் பதிவில், தெளிவாக எழுத வேண்டும். அடுத்த ஷிப்ட் ஆள் அதைப் படித்துத்தான் தொடர்வார். பதறுகிறவரிடம் நிதானமாகக் கேள்வி கேட்கும் பழக்கம் ஒரு நல்ல சீனியர் பக்கத்தில் ஓராண்டு இருந்தால் வரும். எந்த வகுப்பும் அதைத் தராது என்றே நினைக்கிறேன்.

உங்கள் படிப்பும் வீணாகாது. அக்கவுண்ட்ஸ் பிரிவிலிருந்து டேலி என்னும் கணக்கு மென்பொருளில் வவுச்சர் சேமிக்க முடியவில்லை என்று கூப்பிட்டால், அவர்கள் சொல்வது உங்களுக்கு உடனே புரியும்.

ஓராண்டும் கேபிள் இழுக்க மட்டும் வைத்துக்கொள்ளும் இடங்களும் உண்டு. நேர்காணலிலேயே, யாரிடம் பழகப்போகிறேன், டிக்கெட் எப்போது என் கைக்கு வரும் என்று தயங்காமல் கேளுங்கள்.