உணவுத் திருவிழாவுக்குப் போனால் நாலாவது கடையிலேயே வயிறு நிறைந்துவிடுகிறது. நிறைய கடைகளை ருசி பார்க்க ஏதாவது வழி உண்டா?

உண்டு. ஒரே தட்டில் இரண்டு கரண்டி போட்டுச் சாப்பிடக் கூச்சப்படாத நண்பன் ஒருவன் வேண்டும். "எனக்குத் தனித் தட்டு" என்கிறவனைக் கூட்டிப் போனால் நீங்கள் சொல்கிற அதே நாலு கடைதான்.

என் கல்லூரி நண்பனோடு நான் ஒரு முழு நாள் சுற்றியதைச் சொல்கிறேன். ஒவ்வொரு கடைக்கும் பத்துக்கு மார்க் போட வேண்டும், எதுவானாலும் ஒரு தட்டுதான் வாங்க வேண்டும் என்று வீட்டிலேயே பேசிவைத்துவிட்டுத்தான் கிளம்பினோம். முதலில் எதையும் வாங்காமல் ஒரு சுற்று நடந்து பார்ப்பது என் வழக்கம். அவனோ முதல் கடையிலேயே நின்றுவிட்டான். பொரிக்கிற வாசனை வந்தால் அவனுக்குக் கால் நகராது.

கடைக்காரர் ஒரு சொட்டு மாவை எண்ணெயில் விட்டார். அது அடிக்குப் போய், கொஞ்சம் யோசித்து, சுற்றிலும் நுரையோடு மேலே வந்தது. அப்புறம்தான் மொத்தத்தையும் போட்டார். சட்டியின் அடி தெரிகிற அளவுக்கு எண்ணெய் தெளிவாக இருந்தது. இதையெல்லாம் பார்த்தபின் நானும் வாயைத் திறக்கவில்லை, சாப்பிடத்தான் திறந்தேன். கடித்ததும் உள்ளேயிருந்து ஆவி வந்தது. அவன் போனை எடுத்து 9 என்று குறித்துக்கொண்டான்.

அதன் பிறகு சுற்று நடந்தோம். இதைத் தவறவிடாதீர்கள். நான் முக்கியமாகப் பார்ப்பது, எது கண் முன்னால் சூடாக இறங்குகிறது, எது காலையிலேயே செய்து குவித்து வைத்தது என்பதைத்தான். 5 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் கிருமிகள் வேகமாகப் பெருகும். அதனால் சூடானது ஆவி பறக்க இருக்க வேண்டும், குளிர்ந்தது ஜில்லென்று இருக்க வேண்டும். வெதுவெதுப்பாக உட்கார்ந்திருக்கும் தட்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் எனக்கு வேண்டாம். நீளமான வரிசையையும் நான் நம்புவதில்லை. பாதி நேரம் உள்ளே ஒரே ஆள் வேலை செய்கிறார் என்பதற்குமேல் அதில் எதுவும் இருக்காது.

இப்போது உங்கள் நாலாவது கடைக்கு வருவோம். அங்கே உண்மையிலேயே வயிறு நிறைந்ததா, இல்லை திகட்டியதா? நம் மொழியில் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இருப்பது சும்மா இல்லை. 1981இல் பார்பரா ரோல்ஸும் உடன் ஆய்வு செய்தவர்களும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரே வகை சாண்ட்விச்சைக் கொடுத்தபோது சாப்பிட்டதைவிட, நாலு விதமாக உள்ளே வைத்துக் கொடுத்தபோது மக்கள் சுமார் மூன்றில் ஒரு பங்கு அதிகமாகச் சாப்பிட்டார்கள். எதைச் சாப்பிடுகிறோமோ அதன்மேல் இருக்கும் ஆசை குறைகிறது, இன்னும் தொடாததன்மேல் ஆசை அப்படியேதான் இருக்கிறது. விருந்து முடிந்து "ஒரு வாய்கூட முடியாது" என்றவர் இனிப்பு வந்ததும் நிமிர்ந்து உட்கார்வது இதனால்தான்.

அதனால் பொரித்தது ஒன்று முடிந்தால் அடுத்ததும் பொரித்ததாக இருக்கக் கூடாது. நாங்கள் அடுத்துப் போனது வெட்டிய பழத்துக்கு, பிறகு சூப்புக்கு, அதன் பிறகு கரியில் சுட்டதற்கு. மொறுமொறுப்புக்கு அடுத்து மென்மையானது, இனிப்புக்கு அடுத்து புளிப்பு. நடுவில் வெறும் தண்ணீர் இரண்டு மடக்கு. காற்றடைத்த குளிர்பானத்தைத் தொடவில்லை, வயிற்றில் இருக்கிற இடத்தைக் காற்றுக்கு எதற்குக் கொடுக்க வேண்டும்?

ஏழாவது கடையில் நான்தான் மாட்டினேன். சிவப்பாக ஒரு சாஸ் இருந்தது. "டேய், பார்த்து" என்று அவன் சொல்லி முடிப்பதற்குள் கரண்டி நிறைய எடுத்து வாயில் வைத்துவிட்டேன். காது அடைத்து, கண்ணில் தண்ணீர் கொட்டி, ஒரு பாட்டில் தண்ணீரைக் குடித்தும் அடங்கவில்லை. அடங்காது. மிளகாயின் காரத்துக்குக் காரணமான கேப்சைசின் தண்ணீரில் கரைவதில்லை. சூட்டை உணரும் நரம்பையே அது தட்டி எழுப்புவதால்தான் வாய் வெந்தது போல இருக்கிறது. அந்த உணர்வியைக் கண்டுபிடித்ததற்காக டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. எனக்கு அன்று கிடைத்தது நண்பன் ஓடிப்போய் வாங்கிவந்த ஐஸ்கிரீம். பாலில் உள்ள புரதம் கேப்சைசினைப் பிடித்துக்கொண்டு போய்விடும். ஆனாலும் அடுத்த இரண்டு கடைகளில் எனக்கு ருசியே தெரியவில்லை, அங்கே மார்க் முழுக்க அவன் போட்டதுதான். காரமானதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் எங்களுக்கு ஒத்துப்போகவில்லை. மூன்று கடைக்கு ஒருமுறை உட்கார வேண்டும் என்பது என் கட்சி. "உட்கார்ந்தா வயிறு ஞாபகம் வந்துடும்டா" என்பது அவன் கட்சி. பார்க்கப்போனால் அவன் சொன்னதில் உண்மை இருக்கிறது. வயிறு நிறைந்த சேதி மூளைக்கு எட்ட சுமார் 20 நிமிடம் ஆகும். அதற்குள் ஓடி ஓடிச் சாப்பிட்டால் கடைக் கணக்கு கூடும், ஆனால் சாயங்காலம் மூச்சுவிடக் கஷ்டப்படுவீர்கள். பாதிப் பாதியாகத் தின்று, அங்கங்கே உட்கார்ந்து, நாங்கள் 13 கடை முடித்தோம்.

கிளம்பும்போது ஒரு டோக்கன் மிச்சம் இருந்தது. "காலைல தின்னதையே வாங்கலாம், அதுதான் இன்னைக்கு டாப்பு" என்று முதல் கடைக்கே இழுத்துப் போனான். அதே கடைக்காரர், அதே சட்டி. மாவுச் சொட்டு அதே மாதிரி அடிக்குப் போய் நுரையோடு வந்தது. ஒன்றைக் கடித்தவன் முகம் மாறியது. "மாவை மாத்திட்டாங்கடா. 5தான்" என்றான். கடைக்காரரிடமே கேட்டுவிடுகிறேன் என்று கிளம்பியவனைச் சட்டையைப் பிடித்து நிறுத்தினேன். மிச்சம் இரண்டு துண்டைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுபோனான்.

நான் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது போன் அடித்தது. "ஆறிப்போச்சு. ஆனாலும் 8."