முன்னால் நிற்பவனைத் திட்டாதீர்கள்

அன்புள்ள ஐயா,

டல்லாஸ் பக்கம் ஒரு ஊரில் இருக்கிறோம். மகன் பள்ளியின் அமெரிக்கக் கால்பந்து அணியில் டிஃபென்சிவ் டேக்கிள், அதாவது தடுப்பு வரிசையின் நடுவில் நிற்பவன். எடை 205 பவுண்டு. இந்த சீசனில் எதிரணிகள் பாஸ் போடவே தேவையில்லாமல் எங்கள் நடுவிலேயே ஓடித் தீர்க்கிறார்கள். மூன்று ஆட்டங்களில் ஓட்டத்தில் மட்டும் 200 யார்டுக்கு மேல் கொடுத்துவிட்டோம். வெள்ளிக்கிழமை ராத்திரி கேலரியில் பக்கத்தில் இருப்பவர்கள் ‘டேக்கிள் ரெண்டு பேரையும் பின்னால் தள்ளிவிடுகிறார்கள், பலம் போதாது’ என்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் தெரிகிறது. பையன்களிடம் வெறி இல்லை. கபடி மாதிரி எல்லோரும் சேர்ந்து மேலே விழுந்தால் நிற்காதா? அடுத்த ஆண்டுக்குள் அவன் 30 பவுண்டு எடை கூட்ட வேண்டுமா? உங்கள் கருத்து தெரிந்தால் நல்லது.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

‘வெறி இல்லை’ என்ற வரியை முதலில் அழித்துவிடுங்கள். ஆகஸ்ட் மாத டெக்சஸ் வெயிலில் ஹெல்மெட்டும் தோள் கவசமும் மாட்டிக்கொண்டு, தன்னைவிடப் பெரியவர்கள் மேல் நாள்தோறும் மோதி எழுந்த பையன் அவன். கேலரியில் உட்கார்ந்து அவன் நெஞ்சுக்குள் என்ன இருக்கிறது என்று நாம் அளக்கக் கூடாது. பெற்றவர் அளக்கவே கூடாது.

கபடி உதாரணத்தையும் விட்டுவிடுங்கள். அங்கே ஏறி வருவது ஒருவர். இங்கே ஓடுகிறவனுக்கு வழி செய்ய இன்னும் பத்துப் பேர் இருக்கிறார்கள். எல்லோரும் பந்தைப் பார்த்துப் பாய்ந்தால் அந்தப் பத்துப் பேருக்கு வேலை மிச்சம், அவ்வளவுதான்.

எடை விஷயத்தை மருத்துவரிடம் கேளுங்கள். நான் ஒரு கணக்கு மட்டும் சொல்கிறேன். உங்கள் மகன் முன்னால் எதிரணியின் கார்டும் டேக்கிளும் நிற்கிறார்கள். இருவரும் ஓடுகிறவனுக்கு வழி செய்யும் வரிசைக்காரர்கள்; இந்த டேக்கிள் வேறு, உங்கள் மகன் ஆடும் டேக்கிள் வேறு. ஆளுக்கு 270 பவுண்டு என்று வையுங்கள். இருவரும் தோளோடு தோள் சேர்த்து அவனைத் தள்ளினால் 540. அவன் 205-ஐ 235 ஆக்கிக்கொண்டால் என்ன மாறிவிடும்? ஆகவே அவன் ஏன் தள்ளப்படுகிறான் என்பதைவிட, அந்த இருவரும் இவ்வளவு நேரம் சேர்ந்தே அவனைத் தள்ள எப்படி முடிகிறது என்று கேளுங்கள்.

இதை நான் விரிவாகவே சொல்ல வேண்டும். சில வாரங்களாக மனதில் சுற்றிக்கொண்டிருந்த விஷயம் இது. உங்கள் கடிதம் அதைக் கிளறிவிட்டது.

இருவர் சேர்ந்து ஒருவனைத் தள்ளும்போது அவர்கள் கண் அவன் மேல் இருக்காது. நாலைந்து யார்டு பின்னால், தடுப்பின் இரண்டாம் வரிசையில் நிற்கும் லைன்பேக்கர் மேல் இருக்கும். இடுப்பு ஒட்டி, நான்கு கைகள் உங்கள் மகன் மேல், நான்கு கண்கள் லைன்பேக்கர் மேல். லைன்பேக்கர் எந்தச் சந்தில் வருகிறானோ, அந்தப் பக்கம் இருப்பவன் கழன்று போய் அவனை மறிக்க வேண்டும். அதுவரை இருவரும் சேர்ந்தே தள்ளலாம். ஸ்னாப் ஆனதும், அதாவது பந்து ஆட்டத்துக்கு வந்ததும், லைன்பேக்கர் உடனே முன்னால் பாய்ந்தால் ஓரிரு அடியிலேயே ஒருவன் கழன்றாக வேண்டும். அப்புறம் உங்கள் மகனுக்கு ஒற்றைக்கு ஒற்றை. அவன் 205 பவுண்டாக இருந்தாலும், இடுப்பைத் தாழ்த்தி, எதிராளியின் மார்புத் தட்டுக்கு அடியில் இரண்டு கையையும் கொடுத்தால் தாங்கிவிடுவான். லைன்பேக்கரோ நின்ற இடத்தில் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு ‘பந்து எங்கே, பந்து எங்கே’ என்று பார்த்தால்? இருவரில் யாரும் கழல வேண்டியதில்லை. உங்கள் மகன் மூன்று யார்டு பின்னால் போய், அதே லைன்பேக்கரின் மடியில் விழுகிறான். கேலரிக்குத் தெரிவதெல்லாம் தள்ளப்பட்ட டேக்கிள்தான். தயங்கியவனை யாரும் பார்ப்பதில்லை.

சரி, லைன்பேக்கர் பையனைத் திட்டலாமா? அதுவும் வேண்டாம். அவன் தயங்குவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. டெக்சஸ் பள்ளிகள் ஆடுவது கல்லூரி விதிகளை அடிப்படையாக வைத்து. அந்த விதிப்படி, முன்னோக்கிப் பாஸ் போடும் ஆட்டத்திலும் எதிரணி லைன்மேன்கள் மூன்று யார்டு வரை முன்னேறி வரலாம். தொழில்முறை லீகான என்எஃப்எல்லில் ஒரே யார்டுதான். ஓட்டமா பாஸா என்று ஆட்டம் தொடங்கிய பிறகு முடிவு செய்யும் ஆர்பிஓ என்ற ஆட்டத்துக்கு அந்த இரண்டு யார்டு வித்தியாசம் பெரிய உதவி. கார்ட் நேராக மோத வருகிறான், அடையாளம் எல்லாம் ஓட்டம் என்கிறது. அதே நேரத்தில் பந்தை எறிபவனான குவார்ட்டர்பேக், அதை ஓடுகிறவனான ரன்னிங் பேக்கின் வயிற்றில் வைத்தபடி இந்த லைன்பேக்கரையே பார்க்கிறான். இவன் முன்னால் வந்தால் பந்தை உருவி இவன் முதுகுக்குப் பின்னால் எறிவான். வராவிட்டால் பந்தைக் கொடுத்துவிடுவான். ஒரே பையனிடம் ஓட்டத்தையும் நிறுத்து, பாஸையும் மறி என்று இரண்டு வேலை கொடுத்தால் அவன் இரண்டுக்கும் நடுவில்தான் நிற்பான். இதைத் தீர்க்க வேண்டியது பயிற்சியாளர். முதுகுக்குப் பின்னால் வரும் பாஸைக் கடைசி வரிசையில் நிற்கும் சேஃப்டியிடமோ வெளிப்பக்கம் நிற்பவனிடமோ ஒப்படைத்து, லைன்பேக்கரிடம் ‘கார்ட் முன்னால் வந்தால் நீயும் முன்னால் வா, மற்றதை நினைக்காதே’ என்று ஒரே வேலையைக் கொடுக்க வேண்டும்.

என்எஃப்எல்லில் 2006-ஆம் ஆண்டு இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் அணியை நினைத்துப் பாருங்கள். அந்த வழக்கமான சீசன் முழுக்க ஓட்டத்தில் ஆட்டத்துக்கு 173 யார்டு கொடுத்து, லீகின் 32 அணிகளில் கடைசியில் நின்றார்கள். டிசம்பர் 10-ஆம் தேதி ஜாக்சன்வில்லில் மட்டும் 375 யார்டு, தோல்வி 44-17. பெரிய ஆள் இல்லை, உடம்பு சின்னது என்றுதான் அன்றும் பேசினார்கள். ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஜனவரி 6-ஆம் தேதி பிளேஆஃபில் கன்சாஸ் சிட்டி வந்தது. லாரி ஜான்சன் என்ற முரட்டு ஓட்டக்காரர் அவர்களிடம் இருந்தார். மொத்த அணியும் சேர்ந்து ஓடியது 44 யார்டு! அடுத்த வாரம் பால்டிமோர் 100 யார்டைத் தொடவில்லை. பிப்ரவரி 4 அன்று கோல்ட்ஸ் சூப்பர் பவுல் ஜெயித்தது.

அந்த ஒரு மாதத்தில் யாருக்கும் 30 பவுண்டு ஏறவில்லை. நடுவில் நிற்க வாங்கிய பெரிய டேக்கிள் ஆண்டனி மெக்ஃபார்லண்ட் அக்டோபரிலேயே வந்துவிட்டார். டிசம்பர் அவமானம் அவர் வந்த பிறகு நடந்தது. பிளேஆஃபுக்குத் திரும்பி வந்தவர் பாப் சாண்டர்ஸ். வழக்கமான சீசனில் காயத்தால் நான்கே ஆட்டம் ஆடியவர். உயரம் 5 அடி 8 அங்குலம், எடை உங்கள் மகனுடையதுதான். அவர் லைன்மேனும் இல்லை, லைன்பேக்கரும் இல்லை, சேஃப்டி! கடைசிச் சந்தை அடைக்க ஒருவர் நேரத்துக்கு வந்துவிடுவார் என்று தெரிந்ததும் முன்னால் இருப்பவர்கள் பக்கத்துச் சந்தை எட்டிப் பார்ப்பதை நிறுத்தினார்கள் என்பதுதான் என் முடிவு. ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் அதே ஆட்கள், பயிற்சியாளர் டோனி டஞ்சியின் திட்டமும் அதேதான்.

சந்து சந்து என்கிறேன், என்ன சந்து? பயிற்சியாளர்கள் கேப் என்பார்கள். எதிரணி வரிசையின் நடுவில் நிற்கும் சென்டருக்கும் கார்டுக்கும் நடுவில் ஏ, கார்டுக்கும் டேக்கிளுக்கும் நடுவில் பி, டேக்கிளுக்கு வெளியே சி. இரண்டு பக்கமும் சேர்த்து ஆறு. வரிசையின் ஓரத்தில் டைட் எண்ட் என்ற இன்னொருவர் வந்து நின்றால் ஏழு. பாக்ஸுக்குள், அதாவது பந்துக்கு முன்னால் நெருங்கி நிற்கும் தடுப்பாளர்களும் ஏழு பேர் என்றால் கணக்கு நேர். ரன்னிங் பேக்குக்கு வழி செய்யும் ஃபுல்பேக் ஒரு பக்கமாக ஓடினால் அங்கே ஒரு சந்து கூடும். கார்ட் ஒருவன் தன் இடத்தை விட்டு மறுபக்கம் ஓடினால் இங்கே ஒன்று குறைந்து அங்கே ஒன்று முளைக்கும். குவார்ட்டர்பேக்கே ஓடக்கூடியவன் என்றால் இன்னொன்று. இந்தக் கணக்கில் ஒரு ஆள் குறைந்தாலும் அது வெளியே தெரிந்துவிடும். 2020 ஜனவரி 19 அன்று என்எஃப்எல்லின் ஒரு பாதியான என்எஃப்சியின் இறுதிப் போட்டியில் கிரீன் பே அணி, எதிரணிக்கு மூன்றாவது டவுனில், அதாவது மூன்றாவது முயற்சியில், இன்னும் 8 யார்டு வேண்டும் என்ற நிலையில் பாஸை எதிர்பார்த்து நின்றது. சான் பிரான்சிஸ்கோவின் ரஹீம் மோஸ்டர்ட் அந்த ஒரே ஓட்டத்தில் 36 யார்டு போய் டச்டவுன் போட்டார். அன்று அவர் மட்டும் 220 யார்டு, 4 டச்டவுன். அவர்கள் குவார்ட்டர்பேக் ஆட்டம் முழுக்க எறிந்ததே எட்டு பாஸ்.

எட்டாவது ஆளைப் பாக்ஸுக்குள் இழுத்துவிடலாமே என்று உங்கள் கேலரிக்காரர்கள் நிச்சயம் சொல்வார்கள். இழுக்கலாம். ஆனால் எட்டுப் பேர் நின்றும் ஒருவன் தன் சந்தை விட்டு நகர்ந்தால் அது ஏழுதான். அவனுக்குப் பின்னால் இப்போது ஆளும் இல்லை.

ஓரத்தில் நடக்கும் குழப்பம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பள்ளி அணிகளுக்கு இது வெகு சகஜம். கவுன்ட்டர் ஆட்டத்தில் எதிரணியின் கார்ட் இடம் விட்டு ஓடிவந்து உங்கள் தடுப்பு வரிசையின் ஓரத்தில் நிற்கும் டிஃபென்சிவ் எண்டை வெளிப்பக்கமாகத் தள்ளப் பார்ப்பான். எண்ட் அவனை இரண்டு விதமாகச் சந்திக்கலாம். உள்தோளால் மோதி, வெளிக்கையைச் சும்மா வைத்துக்கொண்டால் ஓடுகிறவன் உள்ளே திரும்பியாக வேண்டும். உள்ளே லைன்பேக்கர் காத்திருப்பான். வெளித்தோளால் மோதி அவனுக்கு உள்பக்கம் புகுந்துவிட்டால் ஓட்டம் வெளியே வழியும். இதை ஸ்பில் என்பார்கள். அப்போது லைன்பேக்கர் வெளியே பாய வேண்டும். இரண்டும் சரியான முறைதான். எண்ட் ஸ்பில் செய்து, லைன்பேக்கர் உள்ளேயே காத்திருந்தால் வெளியே ஆளே இருக்காது, பந்து எல்லைக்கோட்டை ஒட்டி 40 யார்டு போகும். உடனே ஓரத்தில் நிற்கும் கடைசித் தடுப்பாளனைப் பார்த்து ‘கார்னர்பேக் பிடிக்கவில்லை’ என்று கத்துவார்கள். பாவம் அந்தப் பையன், நாற்பது யார்டு துரத்தியவன் அவன் ஒருவன்தான்.

பயிற்சிக்குக் கனமான சாமான் எதுவும் வேண்டாம். ஆறு குப்பைத் தொட்டிகளை லைன்மேன்களும் டைட் எண்டும் நிற்கும் இடைவெளியில் வைத்து, ஏழு பேரை நிறுத்தி, ஆட்டத்தைச் சொன்னதும் நடந்துபோய் அவரவர் சந்தில் நிற்கச் சொல்லலாம். ஓட வேண்டாம், மோத வேண்டாம். நாளுக்குப் பத்து நிமிடம். லைன்பேக்கருக்குத் தனியாக ஐந்து நிமிடம்: முன்னால் ஒரு கார்ட் மட்டும், பந்தே கிடையாது. கார்ட் முன்னால் வந்தால் இவனும் முன்னால், பக்கவாட்டில் ஓடினால் இவனும் அந்தப் பக்கம், பின்வாங்கி நிமிர்ந்தால் பாஸ். முதல் அடி ஆறு அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. தப்பான பக்கம் நீளமாக வைத்த அடியைத் திருப்பி எடுப்பதற்குள் ஓட்டக்காரன் தாண்டிவிடுவான். உங்கள் மகன் கற்றுக்கொள்ள வேண்டியதும் ஒன்று இருக்கிறது. இரண்டாவது ஆளின் பாரம் பக்கவாட்டில் விழுவதை உணர்ந்த உடனே அந்தப் பக்க இடுப்பை அவன் மேல் சாய்த்து இறக்க வேண்டும். எதுவும் முடியாவிட்டால் அந்த முழங்காலைத் தரையில் போட்டு அங்கேயே குவியலாகிவிட வேண்டும். பின்னால் போகாத குவியலும் ஒரு சந்தை அடைக்கும்.

சனிக்கிழமை காலை வீடியோவைப் போடுங்கள். பத்து யார்டுக்கு மேல் போன ஓட்டங்களை மட்டும் எடுங்கள். திரையில் உங்கள் மகனைக் கையால் மறைத்துவிடுங்கள். அது கஷ்டம், தெரியும், இருந்தாலும் மறையுங்கள். அவனுக்கு நேர் பின்னால் நிற்பவனின் காலைப் பாருங்கள். ஓடுகிறவன் கைக்குப் பந்து வந்த நொடியில் படத்தை நிறுத்துங்கள். லைன்பேக்கர் இன்னும் ஐந்து யார்டு ஆழத்திலேயே நிற்கிறானா, இரண்டு யார்டாவது முன்னால் வந்துவிட்டானா என்று ஒரு தாளில் எழுதுங்கள். எந்தச் சந்தில் ஆள் இல்லை என்று பக்கத்திலேயே எழுதுங்கள். பிடி தவறியது என்றால் அதற்குத் தனிக் கட்டம் போடுங்கள், இதோடு கலக்காதீர்கள்.

அந்தத் தாளைப் பயிற்சியாளரிடம் கொண்டுபோய் நீட்டாதீர்கள், அது உங்கள் வேலை இல்லை. மகனிடம் கொடுங்கள். லைன்பேக்கர் பையனை வீட்டுக்குக் கூப்பிட்டு, இருவருக்கும் சாப்பாடு போட்டு, வீடியோவோடு தனியாக விட்டுவிடுங்கள்.