24 ரன் யார் கணக்கில்?

கேள்வி: 1912-ல் ஒரே ஒரு மேட்ச் ஆடி 24 ரன் கொடுத்த ஆலன் டிராவர்ஸ்தானே பேஸ்பால் சரித்திரத்தின் மகா மோசமான பிட்சர் (பந்து வீசுபவர்)? இவருக்கெல்லாம் சாதனைப் புத்தகத்தில் எதற்கு இடம்?
– வாசகர், தாராபுரம்

பதில்: அவரை அப்படிச் சொல்வது அநியாயம். டிராவர்ஸ் பிட்சரே கிடையாது. ஃபிலடெல்ஃபியா செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த 20 வயதுப் பையன். அங்கேகூட டீமின் உதவி மேனேஜர்தான்.

அந்த மே 15 அன்று நியூயார்க்கில் டெட்ராய்ட் டைகர்ஸ் நட்சத்திரம் டை காப், தன்னை வசைபாடிய ரசிகரை கேலரிக்குள் ஏறிப் போய் அடித்து நொறுக்கினார். அடிபட்டவர் விபத்தில் ஒரு கையையும் மறு கையில் மூன்று விரல்களையும் இழந்தவர். காப் செய்ததற்கு மன்னிப்பே கிடையாது. ஆனால் லீக் தலைவர் பான் ஜான்சன் விசாரணை இல்லாமல், காலவரையின்றி அவரை சஸ்பெண்ட் செய்தார். டீமில் காப்பைக் கண்டாலே ஆகாதவர்கள்கூட அவருக்காக ஸ்ட்ரைக்கில் குதித்தார்கள். டீம் களமிறங்காவிட்டால் முதலாளி ஃபிராங்க் நேவினுக்கு 5,000 டாலர் அபராதம். அதிலிருந்து தப்பிக்க, ஃபிலடெல்ஃபியாவில் அகப்பட்ட ஆட்களுக்கெல்லாம் டைகர்ஸ் சட்டையை மாட்டிவிட்டார்கள். அவர்களில் ஒருவர்தான் டிராவர்ஸ்.

மே 18. எதிரே கானி மேக் மேனேஜராக இருந்த ஃபிலடெல்ஃபியா அத்லெடிக்ஸ். 1910, 1911 இரண்டு வருடமும் உலக சாம்பியன். எட்டு இன்னிங்ஸும் டிராவர்ஸ் ஒருவரே வீசினார். 26 ஹிட் (எதிரணி அடித்து பேஸைப் பிடித்தது), 7 வாக் (தப்பான பந்துகளால் இலவசமாகக் கொடுத்த பேஸ்). அந்த 24 ரன்னில் 10 ரன் பிட்சர் கணக்கில் சேராது, ஃபீல்டிங்கில் கோட்டைவிட்டது என்று ஸ்கோர் ஏடே சொல்கிறது. அத்தனை அடிக்கு நடுவிலும் ஒருவரை ஸ்ட்ரைக் அவுட் (தன் வீச்சாலேயே ஆட்டமிழக்க) செய்திருக்கிறார்! 24-2 என்று முடியும்வரை அந்தப் பையன் பந்தைக் கீழே போட்டுவிட்டுப் போகவில்லை. எனக்கு அவர்மீது மரியாதைதான் வருகிறது.

ஆயுள் தடை என்று ஜான்சன் மிரட்டியதும் ஸ்ட்ரைக் முடிந்தது. அடித்த காப்புக்கு 10 நாள் தடை, 50 டாலர் அபராதம். அவருக்காக நின்றவர்களுக்கோ ஆளுக்கு 100 டாலர். இது எந்த ஊர் நியாயம்? டிராவர்ஸ் அதன்பின் பெரிய லீக் பக்கமே வரவில்லை; 1926-ல் இயேசு சபையில் குருப்பட்டம் பெற்றார்.

சாதனைப் புத்தகத்தில் அவர் பெயர் இருக்கத்தான் வேண்டும். அதை அடித்துவிட்டால், தோற்பதற்கென்றே ஆள் பிடித்து நேவின் களத்தில் நிறுத்தியதும் சேர்ந்தே மறைந்துபோகும்.