புற்றுநோய்க்கு ரோபோ அறுவை சிகிச்சை: அப்பாவுக்குச் சரி, சித்திக்கு வேண்டாம்

கேள்வி: புற்றுநோய்க்கு ரோபோ மூலம் அறுவை சிகிச்சை செய்வதை நம்பலாமா? கூடுதல் செலவுக்கு ஏற்ற பலன் உண்டா?

எங்கள் குடும்பத்தில் இரண்டு ஆண்டு இடைவெளியில் இருவருக்குப் புற்றுநோய் வந்தது. 2021இல் அப்பாவுக்குப் புராஸ்டேட் சுரப்பியில்; 2023இல் சித்திக்குக் கருப்பைவாயில். அப்பாவுக்கு ரோபோ வைத்துச் செய்தோம். தனக்கும் அதுதான் வேண்டும் என்று சித்தி பிடிவாதம் பிடித்தார். மருத்துவர் மறுத்துவிட்டு வயிற்றைத் திறந்தே செய்தார். இரண்டும் சரியான முடிவுகள் என்று இன்று தெரிகிறது. அன்று தெரியவில்லை. ஆகவே பொதுவாக 'ரோபோ நல்லதா' என்று கேட்டால் என்னிடம் பதில் கிடையாது. எந்த உறுப்பு, எந்த நிலை, யார் கை என்று கேட்டால் கொஞ்சம் சொல்ல முடியும். நான் மருத்துவன் அல்லன். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் இரண்டு முறை உட்கார்ந்திருந்தவன், அவ்வளவுதான்.

முதலில் அந்தப் பெயர் கிளப்பும் பயத்தைப் பற்றி. ரோபோ என்றதும் ஏதோ ஓர் எந்திரம் தானாக வந்து அறுக்கப்போகிறது என்றுதான் எங்கள் அம்மா நினைத்தார். அது தானாக ஒரு நூலிழைகூட நகராது. அதே அறையில், நோயாளியிடமிருந்து சில அடி தள்ளி, மருத்துவர் ஒரு மேசைக்குள் முகத்தைப் புதைத்து உட்கார்ந்திருப்பார். உள்ளே கேமரா காட்டும் காட்சி பத்து மடங்குவரை பெரிதாக, ஆழம் தெரியும்படி அவர் கண்முன் இருக்கும். விரல்கள் இரண்டு பிடிகளில், கால்கள் மிதிகளில். அவர் கை அசைய, நோயாளியின் வயிற்றில் போட்ட சிறு துளைகள் வழியே உள்ளே போயிருக்கும் கருவிகள் அசையும். அவர் முகத்தை எடுத்த மறுகணம் எந்திரக் கைகள் அப்படியே நின்றுவிடும். நோயாளியின் பக்கத்தில் இன்னொரு மருத்துவரும் செவிலியரும் எப்போதும் நிற்பார்கள்.

இதை எனக்கு முன்னால் புரிந்துகொண்டவர் அப்பா. கோவையில் நாற்பது ஆண்டுகள் லேத் பட்டறையில் நின்றவர். மருத்துவர் தன் கையை மூன்று சென்டிமீட்டர் நகர்த்தினால் உள்ளே கருவி ஒரு சென்டிமீட்டர் மட்டும் நகரும்படி அமைத்துக்கொள்ளலாம், கைநடுக்கத்தையும் எந்திரம் வடிகட்டிவிடும் என்று சொன்னபோது, "நம் கைச்சக்கரம் மாதிரி. ஒரு சுற்றுச் சுற்றினால் உளி மயிரிழை போகும்" என்றார். அதற்குப் பிறகு எந்திரத்தைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. "இவர் எத்தனை வருஷமாக இந்த மெஷினில் நிற்கிறார்?" என்பதுதான் அவருடைய ஒரே கேள்வி. நான் படித்த அத்தனை பக்கங்களும் கடைசியில் இந்தக் கேள்வியில்தான் வந்து நின்றன.

அப்பாவுக்கு அப்போது வயது 66. புராஸ்டேட்டுக்கான ரத்தச் சோதனையான பி.எஸ்.ஏ. 11. பயாப்சியில், புற்றின் வீரியத்தைச் சொல்லும் கிளீசன் மதிப்பு 3+4, அதாவது நடுத்தரம். எம்.ஆர்.ஐ.யில் கட்டி சுரப்பிக்குள்ளேயே அடங்கியிருந்தது.

புராஸ்டேட் இருக்கும் இடம் மோசமான இடம். இடுப்பெலும்புக்குப் பின்னால், குறுகலான பள்ளத்தின் அடியில். மேலே சிறுநீர்ப்பை, பின்னால் மலக்குடல், முன்புறம் தொட்டால் கொட்டும் ரத்தநாளக் கொத்து, இரு பக்கமும் ஆண்மைக்கான மெல்லிய நரம்புகள், கீழே சிறுநீரை அடக்கும் தசை. சுரப்பியை எடுத்த பிறகு, அறுந்து கிடக்கும் சிறுநீர்ப்பையின் வாயையும் சிறுநீர்க்குழாயையும் அந்தப் பள்ளத்துக்குள்ளேயே சுற்றிவரத் தைத்து இணைக்க வேண்டும். ரோபோ இல்லாமல் மருத்துவர் தன் கையாலேயே துளை வழியே செய்யும் லேப்ராஸ்கோபியில், கருவி நீளமான குச்சி, நுனி மடங்காது. ரோபோவின் கருவி நுனி மனித மணிக்கட்டைப் போல மடங்கித் திரும்பும். இந்தத் தையலுக்காகவே செய்தது போன்ற எந்திரம்.

டா வின்சி என்ற இந்த எந்திரத்துக்கு அமெரிக்காவில் 2000இல் அனுமதி கிடைத்தது. அதை வைத்துப் புராஸ்டேட் அறுவையை அன்றாடச் சிகிச்சையாக மாற்றியதில் முன்னால் நிற்பவர் அப்போது டெட்ராய்ட் ஹென்றி ஃபோர்டு மருத்துவமனையில் இருந்த மணி மேனன். கேரளத்துக்காரர், மருத்துவம் படித்தது புதுச்சேரி ஜிப்மரில். இதைப் படித்துச் சொன்னதும், "பக்கத்து ஊர்க்காரர்தானா" என்று அம்மாவுக்குப் பாதிப் பயம் தெளிந்தது. நம்பிக்கை எங்கிருந்தெல்லாம் வருகிறது பாருங்கள்.

ஆனால் 'ரோபோவில் செய்தால் எல்லாமே நன்றாக இருக்கும்' என்று யாராவது சொன்னால், அங்கே ஒரு நிமிடம் நின்று யோசியுங்கள். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் 326 ஆண்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குத் திறந்த முறையிலும் மற்றொரு பிரிவுக்கு ரோபோவிலும் புராஸ்டேட்டை எடுத்து ஒப்பிட்டார்கள். 2016இலும் 2018இலும் முடிவுகள் வெளிவந்தன. ரோபோ பிரிவில் ரத்த இழப்பு பாதிக்கும் குறைவு. இரண்டு ஆண்டு கழித்துச் சிறுநீரை அடக்கும் திறனிலும் ஆண்மையிலும் இரு பிரிவுக்கும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. திறந்த முறையில் ஒரு தேர்ந்த கை, ரோபோவில் இன்னொரு தேர்ந்த கை. அதனால்தான் அப்படி என்பது என் எண்ணம்.

அறுவையே தேவையா என்பது அதற்கும் முந்தைய கேள்வி. பிரிட்டனில் தொடக்க நிலைப் புராஸ்டேட் புற்றுள்ள 1,643 பேரை அறுவை, கதிரியக்கம், கண்காணிப்பு என்று மூன்றாகப் பிரித்துப் பதினைந்து ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். எந்தப் பிரிவை எடுத்தாலும் அந்தப் புற்றால் இறந்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர் அளவில்தான். எங்களை அனுப்பிவைத்த குடும்ப மருத்துவர் இதைச் சொல்லி, கதிரியக்கச் சிகிச்சை நிபுணரையும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள் என்றார். பார்த்தோம். கதிரியக்கமும் நல்ல வழிதான் என்று அவர் பொறுமையாக விளக்கினார். அப்பா வீட்டுக்கு வந்து, "துருவேறியதைக் கழற்றிப் போட்டால்தான் எனக்குத் தூக்கம் வரும்" என்றார். அது அறிவியல் காரணம் இல்லை. ஆனால் உடம்பு அவருடையது.

அறுவை செய்யவிருந்தவரிடம் அப்பா தன் கேள்வியை நேராகவே கேட்டார். அவர் முகம் சுளிக்கவில்லை. "நானூறுக்குப் பக்கம் செய்திருக்கிறேன். முதல் ஐம்பது பேருக்கு இப்போது செய்வதைப் போலச் செய்திருக்க மாட்டேன்" என்றார். அந்த இரண்டாவது வாக்கியத்தால்தான் அவரை நம்பினோம். எத்தனை செய்தீர்கள் என்று கேட்டால் கோபப்படுகிற மருத்துவரிடமிருந்து கும்பிட்டுவிட்டு எழுந்து வந்துவிடலாம்.

இனி விளம்பரத் தாளில் இல்லாதவை. நான்கு மணி நேரத்துக்குப் பிறகு அப்பாவைப் பார்க்க விட்டார்கள். ஒரு நொடி அடையாளமே தெரியவில்லை. தேனீ கொட்டியது போல முகம் உப்பி, இமைகள் வீங்கிக் கண்கள் கீற்றாகிக் கிடந்தன. குடல் விலகி வழி கிடைப்பதற்காகத் தலை கீழே சரியும்படி மேசையைச் சாய்த்துவைத்துத்தான் இதைச் செய்கிறார்கள். அத்தனை நேரமும் தலைகீழாகக் கிடந்தால் முகம் வீங்காமல் என்ன செய்யும்? மறுநாள் வடிந்துவிட்டது. யாராவது முன்பே சொல்லியிருந்தால் அம்மா அப்படி அழுதிருக்க மாட்டார். இரவில் வயிறு வலிப்பதைவிடத் தோள்பட்டை வலிக்கிறது என்று முனகினார். வயிற்றை உப்பவைக்கச் செலுத்திய வாயுவின் மிச்சம் உதரவிதானத்தை உறுத்துவதால் வருகிற வலி. எழுந்து நடக்க நடக்கக் குறைந்தது.

மூன்றாம் நாள் வீடு. ஒன்பது நாள் சிறுநீர் டியூப். டியூபின் முனையில் தொங்கும் பையை யாரும் பார்க்கக் கூடாது என்று அப்பா அதை ஒரு கல்யாண மஞ்சள் பைக்குள் வைத்துக் கையில் பிடித்தபடி தெருவில் நடப்பார். "என்ன, காய்கறிக்கா?" என்று எதிர்வீட்டுக்காரர் கேட்க, "ஆமாம், விலை கேட்டுவிட்டு வரலாமென்று" என்று சொல்லிவிட்டுப் போவார்.

டியூபை எடுத்த பிறகுதான் உண்மையான சோதனை. இருமினால் கசிவு, எழுந்தால் கசிவு. முதல் நாள் ஏழு பேட். இடுப்புத்தளத் தசையை இறுக்கி விடும் பயிற்சியைத் தினமும் செய்தார். எத்தனை பேட் ஆனது என்று நாள்காட்டித் தாளில் எழுதினார். ஏழு, ஏழு, ஆறு, எட்டு, ஆறு. மூன்றாவது மாதம் இரண்டு. எட்டாவது மாதம் ஒரு நாள் தாளில் சைபர் போட்டு வட்டம் வரைந்திருந்தார். 'மறுநாளே இயல்பு வாழ்க்கை' என்று அந்த மருத்துவமனை அச்சடித்திருந்த தாளை நான் இன்னும் வைத்திருக்கிறேன், கோபத்தோடு. ஆண்மைக் குறைவைப் பற்றி நானும் அப்பாவும் பேசிக்கொண்டதில்லை. மருத்துவர் அவரையும் அம்மாவையும் தனியாக உட்காரவைத்து முன்கூட்டியே சொன்னார். அது எந்த முறையில் செய்தாலும் வரக்கூடியது. அறுவைக்கு முன்பே கணவன் மனைவி இருவரும் கேட்டுவைத்துக்கொள்ள வேண்டும். ஆறாவது வாரத்தில் பி.எஸ்.ஏ. 0.1க்குக் கீழே வந்திருந்தது. இன்றும் அப்படியே இருக்கிறது.

பணம். திறந்த முறைக்குச் சொன்ன தொகையைவிட ரோபோவுக்கு ஏறக்குறைய ஒன்றரை லட்சம் அதிகம். எந்திரத்தின் விலை கோடிக்கணக்கில், பராமரிப்பு தனி, கருவிகளிலும் சிப் வைத்து, இத்தனை முறைதான் என்று எண்ணி, அதற்குமேல் வேலை செய்யாதபடி வைத்திருக்கிறார்கள். காப்பீடு இருக்கிறதே என்று நாங்கள் கவலையில்லாமல் இருந்தோம். ரோபோ அறுவையைக் காப்பீட்டில் சேர்க்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019இலேயே சொல்லிவிட்டது உண்மை. ஆனால் அதற்கு உச்சவரம்பு வைத்துக்கொள்ள நிறுவனங்களுக்கு இடம் இருக்கிறது. எங்கள் ஐந்து லட்சம் பாலிசியில் ரோபோவுக்குப் பாதிதான் என்ற வரி பதினெட்டாம் பக்கத்தில் இருந்தது. டிஸ்சார்ஜ் அன்று மாலை பில் கவுண்டரில் நின்றுகொண்டு அதைப் படித்தேன். நீங்கள் முன்பே படித்துவிடுங்கள். 2022 முதல் சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையிலும் ரோபோ இருக்கிறது. குருகிராமில் தயாராகும் எஸ்.எஸ்.ஐ. மந்திரா என்ற இந்திய எந்திரமும் வந்துவிட்டது. தனியார் சொல்லும் விலையைக் கேட்டு மலைத்து நிற்பதற்கு முன் இவற்றையும் விசாரியுங்கள்.

இப்போது சித்தி. பொள்ளாச்சியில் இருக்கிறார். தொடக்க நிலை, கட்டி இரண்டு சென்டிமீட்டரைச் சற்றுத் தாண்டியிருந்தது. கருப்பையை முழுதாக, சுற்றியுள்ள திசுவோடு எடுக்க வேண்டும் என்றார்கள். "உன் அப்பாவுக்குப் பொட்டுப் பொட்டாக ஆறு ஓட்டை. எனக்கு மட்டும் வயிற்றைக் கிழிப்பார்களா? ஏழை என்றால் பழைய வைத்தியமா?" என்று என்னிடம் சண்டை. நானும் அவர் பக்கம்தான். நகையை வைத்தாவது செய்துவிடலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டுதான் மருத்துவரிடம் போனேன்.

அந்த அம்மையார் சொன்னதைக் கேட்டு வாயடைத்துப்போனேன். "2018 வரை நானும் துளை போட்டுத்தான் செய்துகொண்டிருந்தேன். நிறுத்திவிட்டேன்." அந்த ஆண்டில்தான் கருப்பைவாய்ப் புற்று பற்றிய பெரிய ஆய்வு வெளிவந்தது. பல நாடுகளில் 631 பெண்கள். நாலரை ஆண்டு முடிவில், திறந்த முறையில் செய்துகொண்டவர்களில் நூற்றுக்கு 96.5 பேர் நோய் திரும்பாமல் இருந்தார்கள். துளை வழி செய்துகொண்டவர்களில் 86 பேர்தான். இறப்பும் துளை வழியில்தான் அதிகம். அந்தப் பிரிவில் பெரும்பாலும் லேப்ராஸ்கோபி. ஆறில் ஒரு பங்கு ரோபோ. கருப்பையைப் பிடித்துத் திருப்ப உள்ளே செலுத்தும் கருவி கட்டியை உரசிச் சிதறடிக்கிறதோ, வாயு காரணமோ என்று பல ஊகங்கள். 2019 பிப்ரவரியில் அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பும் கருப்பைவாய், மார்பகப் புற்றுகளுக்கு ரோபோவைப் பயன்படுத்துவது குறித்து எச்சரித்தது.

இதில் வேடிக்கை, இரண்டு அங்குலம் மேலே, கருப்பையின் உட்சுவரில் வரும் புற்றுக்கு இது பொருந்தாது. அங்கே லேப்ராஸ்கோபியையும் திறந்த முறையையும் 760 பெண்களிடம் ஒப்பிட்டபோது நோய் திரும்புவதில் வேறுபாடு தெரியவில்லை. ஒரே உறுப்பு, இரண்டு பதில். மலக்குடல் புற்றில் 471 பேரை வைத்து ரோபோவை லேப்ராஸ்கோபியோடு ஒப்பிட்டார்கள். நடுவழியில் வயிற்றைத் திறக்க நேர்வது ரோபோவில் 8 சதவீதம், லேப்ராஸ்கோபியில் 12. அந்த இடைவெளியை வைத்து ரோபோவே மேல் என்று சொல்ல முடியவில்லை. 2017இல் வந்த முடிவு அது. சிறுநீர்ப்பையை எடுப்பதிலும் புற்று கட்டுப்படுவது ஏறக்குறைய சமம்தான். உங்கள் மருத்துவரிடம் 'ரோபோவில் வலி குறையுமா, சீக்கிரம் வீட்டுக்குப் போகலாமா' என்பதோடு நிறுத்தாதீர்கள். 'இந்த உறுப்பில், இந்த நிலையில், ஐந்து ஆண்டு கழித்து நோய் திரும்புவது எதில் குறைவு' என்று கேளுங்கள். வீட்டுக்குப் போகும் நாள் எல்லா விளம்பரத்திலும் இருக்கும், இது இருக்காது.

சித்திக்குத் தொப்புளுக்குக் கீழே நீளத் தழும்பு. ஏழு நாள் மருத்துவமனை. அப்பாவைவிட வலி அதிகம், ரத்தமும் ஏற்ற வேண்டியிருந்தது. இந்த அறுவையில் சிறுநீர்ப்பையின் நரம்புகள் பாதிக்கப்படுவதால் அவருக்கும் டியூபோடுதான் வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்று சாயங்காலம் அப்பா பஸ் பிடித்துப் பொள்ளாச்சிக்கு வந்தார். ஆப்பிளோ ஹார்லிக்ஸோ எதுவும் வாங்கி வரவில்லை. சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த மஞ்சள் பையை எடுத்துச் சித்தியின் கையில் கொடுத்து, "துவைத்துத்தான் வைத்திருக்கிறேன்" என்றார்.