மச்சினனின் எண்ணெய்க் கிணறும் வீட்டு நகையும்

கேள்வி: ஹூஸ்டனில் இருக்கும் மச்சினன் சொன்னதால், டெக்சாஸில் ஒரு பழைய எண்ணெய்க் கிணற்றில் 2 சதவீதப் பங்குக்கு 8 லட்சம் போட்டேன். தினமும் 12 பீப்பாய் வரும் என்றார்கள்; வருவது 4தான். பழுதுபார்க்கக் கேட்டபோதெல்லாம் நகையை அடகு வைத்து இதுவரை 3 லட்சம் அனுப்பிவிட்டேன். இப்போது இன்னும் ஒன்றரை லட்சம் வேண்டுமாம். பொறுமையாக இருந்தால் போட்டது திரும்புமா? வங்கியில் 4 லட்சம் டெபாசிட் இருக்கிறது.
- ஒரு வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: உங்கள் சொந்தப் பணம் 8 லட்சத்தோடு நின்றிருந்தால், காத்திருங்கள் என்றுகூடச் சொல்லியிருப்பேன். கிணறு நிற்கும்போதெல்லாம் நகை அடகுக் கடைக்குப் போகிறதே, அதுதான் என் கவலை.

கணக்கைப் பாருங்கள். மாதம் 120 பீப்பாய். பீப்பாய் 65 டாலர் என்றால் 7,800 டாலர். நிலத்துக்காரரின் ராயல்டி ஐந்தில் ஒன்று என்று வைத்தால், அது போக 6,240. டெக்சாஸ் அரசு 4.6 சதவீதம் வரி எடுக்கும். மின்சாரம், ஆள் கூலி, எண்ணெயோடு வரும் உப்புத்தண்ணீரை அகற்றுவது எல்லாவற்றுக்கும் 5,000 என்று வைத்தால், மிஞ்சுவது 950 டாலர் சொச்சம். உங்கள் பங்கு 19 டாலர், அதாவது ஏறக்குறைய 1,600 ரூபாய். நகைக் கடனுக்கு ஒரு வட்டி என்றாலும் மாதம் 3,000 கட்டுகிறீர்கள். எண்ணெய் 80 டாலருக்கு ஏறினாலும் வட்டி போக ஆயிரம்கூட நிற்காது. அசல் அப்படியே இருக்கும். விலை ஏறும் என்று நம்பியும் இருக்க முடியாது: 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்கக் கச்சா எண்ணெயின் முன்பேர விலை (பின்னால் எடுத்துக்கொள்ள இன்றே பேசி முடிக்கும் விலை) பூஜ்யத்துக்கும் கீழே போய் முடிந்தது.

ஐப்பசி மழைக்கு ஊறும் நம் வயல் கிணறு இல்லை இது. எடுக்க எடுக்க அழுத்தம் குறையும், தண்ணீர் கூடும். பழுதுபார்த்தால் கொஞ்ச நாள் ஏறும், அப்புறம் மறுபடி இறங்கும். உங்களுடையது செலவிலும் பங்கேற்கும் பங்கு என்பதால், கடைசியில் கிணற்றை சிமென்ட் போட்டு மூடும் செலவிலும் 2 சதவீதம் உங்கள் தலையில்தான் விழும். சேரும்போது இதை யாராவது சொன்னார்களா?

முதல் வேலையாக டெபாசிட்டை உடைத்து நகையை மீட்டுவிடுங்கள். 7 சதவீதம் வட்டி வாங்கிக்கொண்டு 12 கட்டுவதில் என்ன லாபம்? முன்கூட்டியே எடுப்பதற்கான அபராதம் சின்னத் தொகைதான்.

அடுத்து, பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் பெயரில் என்றால் வருமான வரிக் கணக்கில் வெளிநாட்டுச் சொத்தாகக் காட்ட வேண்டும். ஆடிட்டரிடம் இந்த வாரமே பேசுங்கள். டெக்சாஸில் எண்ணெய்க் கிணறுகளைக் கண்காணிப்பது ரயில்ரோடு கமிஷன் என்ற மாநில அரசு அமைப்பு. மாதாந்தர உற்பத்தி விவரம் அதன் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். மச்சினன் சொல்லும் பீப்பாய்க் கணக்கை அதோடு ஒப்பிடுங்கள்.

ஒன்றரை லட்சம் அனுப்ப வேண்டாம். மறுத்தால் உங்கள் பங்கு வருமானத்தைச் சில காலம் பிடித்துக்கொள்ளும் விதி ஒப்பந்தத்தில் இருக்கலாம். மாதம் 1,600 ரூபாய்தானே, போகட்டும். விட்டதைப் பிடிக்கக் கச்சா எண்ணெய் ஆப்ஷன் (விலை ஏறுமா இறங்குமா என்று பணம் கட்டும் வர்த்தகம்) பக்கம் யாராவது கூப்பிட்டால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

மச்சினனிடம் சண்டை வேண்டாம். "நகை வீட்டுக்கு வந்துவிட்டது, இனி வெளியே போகாது. பங்கை வாங்க ஆள் இருந்தால் வந்த விலைக்குக் கொடுத்துவிடு" என்று உங்கள் மனைவியையே சொல்லச் சொல்லுங்கள். அக்கா சொன்னால் தம்பி கேட்பார்.