பாதி முடிந்த வேலை – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

புத்தக அட்டை வடிவமைப்பு குறித்து நீங்கள் எழுதும் குறிப்புகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். நான் பெங்களூரில் உள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்துக்குச் செயலிகளின் திரைகளை வடிவமைப்பவன். 2020 ஊரடங்கின்போது காரைக்குடிக்குத் திரும்பினேன். அதன்பின் வீட்டிலிருந்தே வேலை. தொடக்கத்தில் பெரிய விடுதலையாக இருந்தது. இப்போது காலையில் கணினியைத் திறக்கவே மனம் வருவதில்லை. ஏதாவது தோன்றாதா என்று, பிறர் செய்த வடிவமைப்புகளும் படங்களும் குவிந்திருக்கும் பிஹான்ஸ், பின்டரெஸ்ட் தளங்களைத் திறந்தால் மதியம் வரை அதிலேயே கழிகிறது. பார்த்து முடிக்கும்போது என் வேலை இன்னும் அற்பமாகத் தெரிகிறது. கொடுத்ததை முடித்துவிடுகிறேன், யாரும் குறை சொல்வதில்லை, ஆனால் அந்த வேலையில் நான் இல்லை. நீங்களும் நெடுங்காலமாக வீட்டிலிருந்தே பணியாற்றுகிறீர்கள். ஊக்கத்தை எப்படித் தக்கவைத்துக்கொள்கிறீர்கள்? கற்பனை வறண்ட நாட்களில் என்ன செய்வீர்கள்? பேசாமல் அலுவலகத்துக்கே திரும்பிவிடலாமா?

க.

அன்புள்ள க.,

ஊக்கத்தைப் பற்றிய கேள்விக்கு என்னிடம் உள்ள பதில் சுருக்கமானது. நான் அதை நம்பி வேலை செய்வதில்லை. கெடு இருப்பதால் செய்கிறேன். 1977இல் தொடங்கிய சென்னைப் புத்தகக் காட்சி பெரும்பாலும் பொங்கலை ஒட்டி நடப்பதால், ஆண்டின் கடைசி இரண்டு மாதங்களில் தமிழ்ப் பதிப்பாளர்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அட்டை வேண்டும். சிவகாசியில் அடுத்த ஆண்டு நாட்காட்டிக்கான மாதிரி ஆல்பத்தை ஆடிப்பெருக்கு அன்று வெளியிடுவது வழக்கம் என்பதால், அங்கே வடிவமைப்பவருக்கு ஆனி மாதத்திலேயே மறு தை பிறந்துவிடுகிறது. அந்தப் பரபரப்பில் மனம் வருகிறதா இல்லையா என்று யாரும் தன்னைக் கேட்டுக்கொள்வதில்லை. உங்கள் துறையிலோ இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஸ்பிரிண்ட் எனப்படும் ஒரு வேலைச் சுற்று முடிகிறது, மறுநாளே அடுத்தது தொடங்குகிறது. இத்தனை அடிக்கடி வரும் கெடுவுக்குக் கெடுவின் கனம் இருக்காது என்பது என் எண்ணம். அதற்கு நீங்கள் பொறுப்பல்ல.

என்னை நிறுத்தி யோசிக்கவைத்தது, பிறர் வேலையைப் பார்த்து முடிக்கும்போது உங்கள் வேலை அற்பமாகத் தெரிகிறது என்று நீங்கள் எழுதிய வரி. பிஹான்ஸில் காணக்கிடைப்பது என்ன? சாய்வாக நிறுத்திய கைப்பேசி, அதன்கீழ் மெல்லிய நிழல், ஒன்றுக்கொன்று இசைந்த வண்ணங்கள், எல்லாம் முடிந்து துடைத்து வைத்த நிலையில். அந்த வடிவமைப்பாளர் தூக்கியெறிந்த மாதிரிகளும், 'லோகோவை இன்னும் கொஞ்சம் பெரிதாக்குங்கள்' என்று கிளையன்ட் அனுப்பிய செய்தியும் அங்கே இருக்கமாட்டா. வீட்டில் தனியே அமர்ந்திருக்கும் நீங்கள், உங்கள் வேலையை நாள் முழுக்கப் பாதி நிலையிலேயே பார்க்கிறீர்கள். பிறர் வேலையை முடிந்த நிலையில் மட்டுமே பார்க்கிறீர்கள். அடுத்த வீட்டுப் பந்தி இலையைப் பார்த்துவிட்டு, நம் அரிவாள்மனையடியில் நறுக்கிக் கிடக்கும் காயைப் பார்த்துச் சலித்துக்கொள்வது போன்றது இது. அலுவலகத்தில் நிலைமை வேறு. பக்கத்து இருக்கைக்காரரின் திரையில் காலை பதினொரு மணிக்குக் கிடந்த அலங்கோலத்தைப் பார்த்திருப்பீர்கள். மாலைக்குள் அது எப்படி உருப்பட்டது என்பதையும் பார்த்திருப்பீர்கள். யாரும் கற்றுக்கொடுப்பதாக எண்ணாமலும், யாரும் கற்பதாக எண்ணாமலும் அங்கே நடந்துகொண்டிருந்த அந்தப் பரிமாற்றம்தான் உங்களிடமிருந்து போயிருக்கிறது. கற்பனை வறண்டுவிட்டதாக நீங்கள் எண்ணுவதற்கு இதுவே காரணம் என்று கருதுகிறேன்.

எங்கள் தெருமுனையில் கடைப்பெயர் எழுதும் ஓவியர் ஒருவர் இன்றும் இருக்கிறார். ஃபிளெக்ஸ் பேனர் வந்தபின் கடை வேலைகள் குறைந்துவிட்டன. வண்டிகளும் தேர்தல் சுவர்களும்தான் இப்போது பிழைப்பு. எனக்கு வேலையில்லாத முற்பகலில் அவர் எழுதுவதை நின்று பார்ப்பேன். வெள்ளையடித்த சுவரில், நீலப்பொடி தோய்த்த நூலை இருமுனையும் இழுத்துப் பிடித்து ஒரு சுண்டு சுண்டினால் நேர்கோடு விழும். இரு கோடுகளுக்கு நடுவே சுண்ணக்கட்டியால் எழுத்துகளை மெலிதாக இட்டுப் பார்ப்பார். 'ஸ்டோர்ஸ்' என்ற சொல்லில் 'டோ' தனக்கு முன்னும் பின்னும் இடம் கேட்கும். அதற்கு இடம்விட்டால் கடைசி 'ஸ்' தூணில் முட்டும். ஈரத் துணியால் துடைத்துவிட்டு, முதல் எழுத்தை ஒரு விரற்கடை இடப்பக்கம் தள்ளி மறுபடி தொடங்குவார். தேநீர்க் குவளையுடன் நிற்பவர் 'நடுவுல நெருக்கமா இருக்கேண்ணே' என்பார். ஓவியர் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார், ஆனால் அந்த இடத்தைச் சற்றுத் தளர்த்துவார். ஒரு முடிவு எடுக்கப்படும் கணத்தைக் கண்ணால் பார்க்கக் கிடைப்பது அங்கேதான். எனக்கு ஓர் எழுத்துரு இடைவெளிச் சிக்கல் பிடிபட்டது எந்தத் தளத்தையும் பார்த்து அல்ல, அந்தத் தூணைப் பார்த்துத்தான்.

வேலையில் நான் இல்லை என்கிறீர்களே, அதற்குச் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை நினைவூட்ட விரும்புகிறேன். சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரின் முன்முயற்சியில் 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் அந்தக் கலைஞர் கிராமம் உருவானபோது, மெழுகிட்டுச் சாயமேற்றும் பாத்திக் துணிகளும் கைவினைப் பொருட்களும் விற்ற பணம்தான் அதற்கு முதல். பாத்திக் வயிற்றுக்கு, ஓவியம் தங்களுக்கு என்று அவர்கள் வகுத்துக்கொண்டதில் எனக்குப் பெரும் மரியாதை உண்டு. ஓவியர் ஆதிமூலமும் நெசவாளர் சேவை மையத்தில் சம்பளத்துக்கு வேலை பார்த்துக்கொண்டேதான் காந்தியைக் கோடுகளில் வரைந்தார். சம்பளம் தரும் திரைகளில் உங்கள் முழு ஆளுமையும் வெளிப்பட வேண்டும் என்பது அண்மைக்காலத்தில் நம்மீது ஏற்றப்பட்ட சுமை, அதை இறக்கிவைக்கலாம். சோழமண்டலம் நகரத்தின் இரைச்சலிலிருந்து தள்ளித்தான் இருந்தது, ஆனால் அங்கே இருந்தவர்கள் தனித்து இருக்கவில்லை. சுவருக்கு அப்பால் இன்னொருவர் துணியில் மெழுகு ஊற்றிக்கொண்டிருந்தார். நீங்கள் நகரத்தை விட்டபோது, கூடவே அந்த அண்டை வீட்டையும் விட்டுவிட்டீர்கள்.

அதை ஓரளவு மீட்க உங்கள் கருவியே உதவும். 2016இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த ஃபிக்மா என்ற வடிவமைப்புச் செயலி பரவியதற்கு முக்கியக் காரணம், ஒரே கோப்பில் பலர் வேலை செய்யலாம், அடுத்தவரின் அம்புக்குறி நகர்வது தெரியும் என்பதுதான். நடைமுறையிலோ பெரும்பாலானோர் தம் சொந்த வரைவுப் பக்கத்தில் ஒளிந்து செய்து, மெருகேறியபின் பொதுக் கோப்புக்கு நகர்த்துகிறார்கள். நானும் மதுரையில் இருக்கும் ஒரு நண்பரும் வாரம் ஒருமுறை பாதி நிலையில் உள்ள அட்டைகளைப் பகிர்ந்துகொள்கிறோம். பாராட்டு கிடையாது, 'இந்தப் படம் இங்கே ஏன்?' என்ற அளவில் கேள்விகள் மட்டும். பதில் சொல்லத் திணறும் இடத்திலேயே பெரும்பாலும் அடுத்த வழியும் புலப்பட்டுவிடும். முதல் சில வாரங்கள் கூச்சமாக இருக்கும், குறிப்பாக வேலை மோசமாக இருக்கும் வாரத்தில். அந்த வாரத்தில்தான் தவறாமல் காட்ட வேண்டும்.

இனி அலுவலகம். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகப் பேராசிரியர் தாமஸ் ஆலன் 1970களில் பொறியாளர்களை ஆராய்ந்து, மேசைகளுக்கு இடையிலான தூரம் கூடக்கூட அவர்களிடையே பேச்சு மிக விரைவாகக் குறைகிறது என்றும், சில பத்து மீட்டர் தாண்டினாலே பெரும்பாலும் அற்றுப்போகிறது என்றும் காட்டினார். ஆகவே பெங்களூருக்குப் போகலாமா என்பதைவிட, அங்கே உங்கள் பக்கத்து இருக்கையில் யார் அமர்வார் என்று விசாரியுங்கள். குழுத் தலைவர் புணேயிலும் நிரலாளர்கள் ஹைதராபாத்திலும் இருந்தால், நீங்கள் இரண்டு மணி நேரம் சாலை நெரிசலில் ஊர்ந்து சென்று, ஹெட்போனை மாட்டிக்கொண்டு காரைக்குடியில் செய்த அதே வேலையைச் செய்வீர்கள். மாறாக, உங்கள் துறையினர் இரண்டு பேராவது சில நாட்கள் சேர்ந்து அமர்கிறார்கள் என்றால், மாதத்தில் ஒரு வாரம் அங்கே வந்து செல்ல அனுமதி கேளுங்கள். வீட்டைக் காலிசெய்யும் முடிவை இரண்டு மூன்று மாதம் அப்படிப் போய்வந்தபின் எடுத்துக்கொள்ளலாம்.