பயிற்சி மையத்திலிருந்து பேக்கிங் டேபிளுக்கு

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. அறிவுசார் குறைபாடு, மாற்றுத்திறனாளி அட்டையில் 50 சதவீதம். சிறப்புப் பள்ளி முடித்து மூன்று வருடமாகப் பகல்நேரப் பயிற்சி மையத்துக்குப் போகிறான். காகிதக் கவர் ஒட்டுகிறார்கள், மாதம் 300 ரூபாய் ஊக்கத்தொகை. வேலைக்கு அனுப்பலாமா என்று கேட்டால் "இன்னும் தயாராகவில்லை" என்கிறார்கள். எங்களுக்குத் திருப்பூர் பக்கம். சுற்றிலும் பனியன் கம்பெனிகள். சம்பளத்துக்கு ஒரு வேலையில் சேர்க்க முடியுமா? எங்கே தொடங்குவது? மையத்தை நிறுத்திவிடலாமா?

பதில்: முடியும். ஆனால் "தயாராகட்டும், அப்புறம் வேலை" என்ற வரிசையை மாற்றிப் போடுங்கள். முதலில் வேலையிடம், பிறகு அந்த இடத்திலேயே பயிற்சி. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் சிக்கலாவது ஓரிடத்தில் பழகியதை இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோவதுதான். மையத்து மேசையில் பழகிய கை, மெஷின் சத்தத்துக்கு நடுவே நின்றபடி வேலை செய்யும்போது முதலிலிருந்து தொடங்கும். மூன்று வருடம் கவர் ஒட்டியவர் நான்காம் வருடமும் கவர் ஒட்டத்தான் தயாராகியிருப்பார்.

அட்டையில் இருக்கும் 50 சதவீதத்தை வைத்தும் முடிவு கட்டாதீர்கள். லேசான பிரிவு என்றால் 50, மிதமான பிரிவு என்றால் 75 என்பது சான்றிதழ் விதி, அவ்வளவுதான். ஒரு டஜன் டீ-சர்ட்டைச் சரியாக அடுக்குவாரா என்பதை அந்த எண் சொல்லாது. அதைச் சொல்லப்போவது நீங்கள் இரண்டு வாரம் எழுதப்போகும் ஒரு நோட்டு.

அதில் "பொறுமையானவன்", "நல்லாப் பழகுவான்" என்றெல்லாம் எழுத வேண்டாம். கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுங்கள்: "ஞாயிறு காலை, துவைத்த துணியை யாரும் சொல்லாமல் ஆள் வாரியாகப் பிரித்து அடுக்கினான், 40 நிமிடம்." "மிக்ஸி ஓடினால் காதைப் பொத்துகிறான்." "நின்றபடி ஒரு மணி நேரம் தாங்குகிறான், அதற்குமேல் உட்காரத் தேடுகிறான்." எது பிடிக்கும், எந்த நேரத்தில் சுறுசுறுப்பு, எந்தச் சத்தம் ஆகாது, எத்தனை முறை சொல்ல வேண்டியிருக்கிறது என்பது பதினைந்து நாளில் தெரிந்துவிடும். மிக்ஸிக்கே காதைப் பொத்துகிறவரை துணி ஓரம் தைக்கும் ஓவர்லாக் மெஷின் வரிசைக்குப் பக்கத்தில் நிறுத்தக் கூடாது என்பது அப்போது தானாக விளங்கும்.

அடுத்தது கம்பெனி. "வேலை இருக்கிறதா?" என்று கேட்டுப் போனால் "இல்லை" என்ற பதில் தயாராக இருக்கும். தெரிந்தவர்களில் கம்பெனி, கடை, குடோன் வைத்திருப்பவர்கள், அங்கே வேலை செய்பவர்கள் என்று இருபது பேரின் பட்டியல் போடுங்கள். ஷிப்மென்ட் நெருக்கடி இல்லாத வாரமாகப் பார்த்து, அரை மணி நேரம் வேலையைப் பார்க்க மட்டும் அனுமதி கேளுங்கள். உள்ளே போனதும் ஒன்றைக் கவனியுங்கள்: அனுபவமுள்ள ஆள் எங்கே சில்லறை வேலையில் நேரத்தை விடுகிறார்? செக்கிங் தெரிந்த பெண் எழுந்து போய் பாலிபேக் (பிளாஸ்டிக் பை) கட்டு எடுத்து வருகிறாரா? பேக்கிங் பார்ப்பவர் தினம் இரண்டு மணி நேரம் சைஸ் ஸ்டிக்கர் ஒட்டுகிறாரா? அந்தத் துண்டு வேலைகளைத் திரட்டினால் ஓர் ஆளுக்கான வேலை கிடைக்கும். முதலாளியிடம் அதைச் சொல்லுங்கள்: "இந்த வேலையை என் மகன் எடுத்துக்கொண்டால் உங்கள் செக்கிங் ஆள் செக்கிங்கையே பார்க்கலாம். ஐந்து நாள், தினம் நான்கு மணி நேரம், அதற்கான கூலியோடு வைத்துப் பாருங்கள்." பரிதாபத்தால் கிடைக்கும் வேலை, சூப்பர்வைசர் மாறினால் போய்விடும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன் கீழ், 20 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் தனியார் நிறுவனங்களும் சம வாய்ப்புக் கொள்கையை வெளியிட வேண்டும். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர்களின் ஆடிட்டைச் சந்திக்கும் பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனியின் எச்.ஆரிடம் இதைத் தாராளமாகக் கேளுங்கள். பத்துப் பேர் கொண்ட பேக்கிங் யூனிட்டில் வாசலிலேயே சட்டம் பேசினால் கதவு சாத்தப்படும். அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதில் உங்கள் மகன் வரும் பங்கு 1 சதவீதம், அதுவும் ஆட்டிசம், கற்றல் குறைபாடு, மனநலப் பாதிப்பு உள்ளவர்கள் முதலியோருடன் சேர்த்து. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்து வாருங்கள். அதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

இனி பயிற்சி. முதல் இரண்டு வாரம் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். மையத்தின் சிறப்பாசிரியர் வர முடிந்தால் நல்லது. இல்லையென்றால் சித்தப்பாவோ அக்காவோ வரட்டும். அம்மா வேண்டாம், மகன் ஒவ்வொரு அசைவுக்கும் அம்மாவின் முகத்தைப் பார்ப்பார். கூட இருக்கப்போகிறவர் முதல் நாள் அந்த வேலையைத் தானே செய்து, படிப்படியாக எழுத வேண்டும். டீ-சர்ட்டை பாலிபேக்கில் போடுவது நமக்கு ஒரு வேலை. எழுதிப் பார்த்தால் பத்துப் படிக்கு மேல் வரும்: பீஸை எடு, லேபிள் மேலே வருகிறதா பார், மடிப்பு அட்டையை வை, இடது கையை மடி, வலது கையை மடி, கீழிருந்து பாதியாக மடி, அட்டையை உருவு, அதே சைஸ் பையை எடு, கழுத்துப் பக்கம் மேலே இருக்கும்படி நுழை, காற்றை அமுக்கி எடு, டேப்பை உரி, ஒட்டு.

பெரும்பாலானவர்கள் தடுமாறுவது எட்டாவது படியில்தான். எல், எக்ஸ்எல் பைகள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். எழுத்தைப் படிக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தால் ஒரு மாதம் போய்விடும். சைஸுக்கு ஒரு நிறத்தில் தட்டு வைத்து, பீஸ் கட்டிலும் அதே நிறத் துணியைக் கட்டுங்கள், தீர்ந்தது. எண்ணிக்கையும் அப்படித்தான். பன்னிரண்டு வரை எண்ணச் சொல்லாமல், ஒரு அட்டையில் பன்னிரண்டு கட்டம் வரைந்து கட்டத்துக்கு ஒன்றாக வைக்கச் சொல்லுங்கள். கட்டம் நிறைந்தால் டஜன். செலவு ஐம்பது ரூபாய்கூட ஆகாது. சட்டம் "நியாயமான தகவமைப்பு" என்று சொல்வதில் இதுவும் அடங்கும்.

தவறினால் உடனே வாயால் சொல்லாதீர்கள். மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். அப்புறமும் நின்றால் விரலால் காட்டுங்கள். அதற்கும் நகரவில்லையென்றால் செய்து காட்டுங்கள், அதற்கடுத்துக் கையைப் பிடித்துச் செய்ய வையுங்கள். பேச்சு கடைசி. ஏனென்றால் சொல்லிச் சொல்லிப் பழக்கினால் அந்தக் குரலும் வேலையில் ஒரு படியாகிவிடும், நீங்கள் போன மறுநாள் கை நின்றுவிடும். எந்தப் படியை உதவியில்லாமல் செய்தார் என்று தினமும் ஒரு தாளில் குறியுங்கள். மூன்று நாள் தொடர்ந்து எல்லாப் படியிலும் குறி விழுந்தால் கூட இருப்பவர் இரண்டு மீட்டர் தள்ளி நிற்கட்டும். பிறகு டேபிளின் மறுமுனை, பிறகு கண்ணில் படாத இடம், பிறகு வாரம் இருமுறை எட்டிப் பார்ப்பது. கூட இருந்தவரின் இடத்தைப் பக்கத்து டேபிள்காரர் மெல்ல எடுத்துக்கொள்ள வேண்டும். அவரை முதல் வாரமே சிநேகம் பிடித்துவிடுங்கள்.

பஸ்ஸை வேலைக்கு முன்பே பழக்குங்கள். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் வருபவருக்கும் கட்டணமில்லை, அட்டை கையில் இருக்கட்டும். கடைசித் துண்டிலிருந்து தொடங்குங்கள்: ஸ்டாப்பிலிருந்து கம்பெனி வரை தனியாக நடக்கட்டும், பிறகு தனியாக இறங்கட்டும், கடைசியாகத் தனியாக ஏறட்டும். ஒரு நாள் வேண்டுமென்றே ஒரு ஸ்டாப் தாண்டி இறங்கவிட்டு, போன் செய்யப் பழக்குங்கள். என்றாவது ஒருநாள் அது நடக்கும்.

சம்பளத்தைப் பீஸ் ரேட்டில் (பீஸுக்கு இவ்வளவு என்று) பேசாதீர்கள், ஷிப்ட் கணக்கில் பேசுங்கள். பழகும் காலத்தில் பீஸ் ரேட் அவரைப் பட்டினி போடும், அவசரப்படுத்தவும் செய்யும். அரை ஷிப்ட் என்றால் குறைந்தபட்சக் கூலியில் பாதி, அதற்குக் கீழே வேண்டாம். 10 பேருக்குக் குறையாத இடம் என்றால் ஈ.எஸ்.ஐ. (மருத்துவக் காப்பீடு) உண்டா, 20 பேர் என்றால் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) உண்டா என்று முதல் நாளே கேளுங்கள். ஈ.எஸ்.ஐ.க்கான சம்பள வரம்பு மற்றவர்களுக்கு 21,000, மாற்றுத்திறனாளிகளுக்கு 25,000. தொழிலாளியின் பங்கு 0.75 சதவீதம், 8,000 ரூபாய் சம்பளத்துக்கு 60 ரூபாய். பேக்கிங்கில் கான்ட்ராக்ட் ஆட்கள் அதிகம். யார் பெயரில் சேர்க்கிறார்கள், சம்பளச் சீட்டு யார் தருவார் என்பதையும் கேட்டுவிடுங்கள்.

காகிதங்களில் இரண்டு மட்டும் தாமதிக்கும். ஒன்று, மாற்றுத்திறனாளி சான்று: 18 வயதில் புதுப்பித்தால் ஆயுள் முழுக்கச் செல்லும், சிறு வயதில் வாங்கியதையே வைத்திருந்தால் முதலில் அதை முடியுங்கள். இன்னொன்று வங்கி. 18 தாண்டியவருக்குக் "கார்டியன் சான்று கொண்டு வாருங்கள்" என்பார்கள், அதாவது சட்டப்படி பாதுகாவலர் யார் என்ற சான்று. தேசிய அறக்கட்டளைச் சட்டம், 1999-இன் கீழ் மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர் அளவிலான குழு அதைத் தருகிறது. ஆனால் மகன் கையெழுத்துப் போட்டு, பணம் எடுப்பதும் போடுவதும் என்னவென்று புரிந்துகொள்வார் என்றால், முதலில் உங்களோடு கூட்டுக் கணக்குக்குக் கேட்டுப் பாருங்கள். பராமரிப்பு உதவித்தொகை வாங்குகிறீர்களென்றால், சம்பளம் வந்தால் அது என்னவாகும் என்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் சேரும் முன்பே எழுதிக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். இந்தப் பயத்திலேயே பல வீடுகளில் பிள்ளைகள் வேலைக்குப் போவதில்லை.

வேலை தெரியாமல் வேலை போவது அபூர்வம். டீ பிரேக்கில்தான் போகிறது. "தம்பி, கடைக்குப் போய் டீ வாங்கிட்டு வா" என்று தொடங்கும். ஒரு மாதத்தில் அவர் மொத்த கம்பெனிக்கும் எடுபிடி ஆகிவிடுவார், டேபிளில் வேலை தங்கும், பிறகு "வேலையே செய்வதில்லை" என்பார்கள். அவருடைய வேலைகளை ஒரு தாளில் எழுதி சூப்பர்வைசரிடம் முதல் நாளே கொடுத்துவிட்டால் இதைத் தடுக்கலாம். சனிக்கிழமை சம்பளக் கவர் கைக்கு வந்ததும் கடன் கேட்பவர்களும் வருவார்கள், வங்கியில் போடச் சொல்லிவிடுங்கள். தீபாவளிக்கு முன் ஒன்றரை ஷிப்ட் ஓடும்போது அவரையும் நிறுத்திவைப்பார்கள். களைத்துப்போய் ஒரு நாள் கத்தினால் "முரடன்" என்ற பெயர் ஒட்டிக்கொள்ளும். எத்தனை மணி வரை என்பதைச் சேரும்போதே பேசி முடியுங்கள். தீபாவளி போனஸ் அவருக்கும் உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இன்னொன்று, கம்பெனியில் "குழந்தை மாதிரி" என்று அறிமுகப்படுத்தாதீர்கள். 19 வயது ஆள். அங்கே அவருக்குப் பெயர்தான் வேண்டும்.

மையத்தை உடனே நிறுத்த வேண்டாம். முதல் மூன்று மாதம் காலையில் கம்பெனி, மதியம் மையம் என்று போகட்டும், நண்பர்கள் அங்கே இருக்கிறார்கள். மையத்தில் கவர் ஒட்டுவதற்குப் பதிலாக ஏ.டி.எம்., போன், கடிகாரம் சொல்லித் தரச் சொல்லுங்கள். முதல் வேலை ஆறு மாதத்தில் போய்விட்டாலும் வெறுங்கையோடு வராதீர்கள். என்ன வேலை, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று கம்பெனி லெட்டர்பேடில் நான்கு வரி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த கம்பெனியில் முதலில் நீட்ட வேண்டியது அந்தத் தாளை, அட்டையை அல்ல.